11.99 லட்சம் என்ற எண் எங்கிருந்து வருகிறது? ஏழு இருக்கை எஸ்யூவிக்கு விலை வைக்கும் கணக்கு

2021 ஆகஸ்ட் 14 அன்று மஹிந்திரா தன் புது எக்ஸ்யூவி700 வண்டியின் விலையை அறிவித்தது. ஆரம்ப விலை 11.99 லட்சம் ரூபாய். அன்று இரவே என் அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். "மாப்ள, பன்னெண்டு லட்சத்துக்கு ஏழு சீட்டு வண்டி வந்துருச்சு. இன்னோவாவுக்குச் சேர்த்து வெச்சதுல மிச்சமே வரும்போல" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

அன்று அறிவித்தது நான்கு விலைகள். நான்குமே ஐந்து இருக்கை வண்டிக்கானவை. ஏழு இருக்கை வேண்டுமென்றால் இன்னும் மேலே போக வேண்டும். அந்த விலைகள் எல்லாம் புக்கிங் தொடங்கும் சமயத்தில்தான் வெளியே வந்தன. மாமாவுக்கு இதைச் சொன்னதும், "அப்புறம் எதுக்கு அந்த நம்பர போட்டாங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கார் விலை பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். இந்தக் கட்டுரை அதற்குப் பதில் சொல்லும் முயற்சி.

பொதுவாக நாம் என்ன நினைக்கிறோம்? ஒரு வண்டி செய்ய இவ்வளவு செலவு, அதன் மேல் இவ்வளவு லாபம், இரண்டையும் கூட்டினால் விலை. மளிகைக் கடை அண்ணாச்சி பருப்புக்கு விலை வைப்பது அப்படித்தான். கார் கம்பெனியில் கணக்கு தலைகீழாக நடக்கிறது. முதலில் விலை. அப்புறம்தான் வண்டி. நான்கைந்து வருடம் முன்பே, "இந்த வண்டி இத்தனை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்" என்று முடிவு செய்துவிட்டு, அந்த விலைக்குள் எந்த இன்ஜின், எவ்வளவு நீளம், எத்தனை ஏர்பேக், எந்தத் துணியில் சீட் என்று பின்னாலிருந்து முன்னால் வருகிறார்கள்.

அப்படியானால் அந்த முதல் எண்ணை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

துண்டு போட்டு இடம் பிடிப்பது

பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். பஸ் வந்து நின்றதும் ஓடிப்போய், எந்த வரிசை, வெயில் அடிக்காத பக்கம் எது, பக்கத்தில் யார் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டுத் துண்டை வீசுவார்கள். சந்தையில் புது வண்டிக்கு இடம் பிடிப்பதும் ஏறக்குறைய அதே வேலை. வாங்குபவர் மனதில் ஏற்கெனவே சில வண்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. நம் வண்டி யார் பக்கத்தில் உட்காரப் போகிறது, யாரை நகரச் சொல்லப் போகிறது என்று கம்பெனி தீர்மானிக்க வேண்டும். வணிகப் படிப்பில் இதைச் சந்தை நிலைப்படுத்தல் என்கிறார்கள். விலைதான் அந்தத் துண்டு.

2021 நடுவில் அந்த பஸ்ஸில் யார் யார் இருந்தார்கள்? 2020 ஜூலையில் ஆறு இருக்கையோடு வந்த எம்ஜி ஹெக்டர் பிளஸ், ஆரம்ப விலை 13.48 லட்சம். 2021 பிப்ரவரியில் டாடா சஃபாரி, 14.69 லட்சம். அதே வருடம் ஜூனில் ஹூண்டாய் அல்கசார், 16.30 லட்சம். இவை எல்லாவற்றுக்கும் பெரிய அண்ணனாக டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா, அதுவும் 16 லட்சத்துக்கு மேல். எல்லாமே எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது ஆயுட்கால வரியும் காப்பீடும் சேராத விலை.

இந்த முதல் மூன்று வண்டிகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றும் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த ஐந்து இருக்கை வண்டியை இழுத்து நீட்டிச் செய்தவை. ஹெக்டர் நீண்டு ஹெக்டர் பிளஸ் ஆனது. ஹாரியர் நீண்டு சஃபாரி. கிரெட்டா நீண்டு அல்கசார். சஃபாரிக்கும் ஹாரியருக்கும் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரையிலான தூரம் ஒன்றேதான், 2741 மில்லிமீட்டர். பின்பக்கம் 63 மில்லிமீட்டர் மட்டும் கூடுதல் நீளம். ஹூண்டாய் கொஞ்சம் அதிகம் மெனக்கெட்டது. கிரெட்டாவின் சக்கர இடைவெளி 2610, அல்கசாருக்கு 2760. ஒன்றரைச் சாண் அல்ல, முக்கால் சாண்கூட முழுதாக வராது. ஆனாலும் மூன்றாவது வரிசைக்கு அந்த 15 சென்டிமீட்டர் பெரிய உதவி.

ஏன் எல்லோரும் நீட்டுகிறார்கள்? ஒரு வண்டியின் அடித்தளத்தைப் புதிதாக வடிவமைத்து, அச்சு செய்து, மோதிப் பார்த்து, ஓட்டிப் பார்த்துத் தயார் செய்ய ஆகும் பணமும் வருடங்களும் மிக அதிகம். இருக்கிற அடித்தளத்தில் இன்னொரு வண்டி செய்தால் அந்தச் செலவு இரண்டுக்கும் பகிர்ந்துவிடும். ஆனால் அப்படிச் செய்யும்போது விலையில் ஒரு கட்டாயம் வந்து சேர்கிறது. நீட்டிய வண்டி அதன் மூல வண்டியை விட விலை அதிகமாக இருந்தே ஆக வேண்டும். இரண்டும் ஒரே விலை என்றால் கிரெட்டா வாங்க வந்தவர் அல்கசார் வாங்கிவிட்டுப் போவார். ஒரே கடையின் சரக்கு அதே கடையின் இன்னொரு சரக்கைத் தின்றுவிடும். கிரெட்டாதான் ஹூண்டாயின் சோறு. அதில் கை வைக்க அவர்கள் விரும்பவில்லை. அதனால் அல்கசாருக்குச் சாதாரணப் பேஸ் மாடலே வைக்காமல், வசதிகள் நிறைந்த வேரியன்ட்டிலிருந்தே தொடங்கி 16.30 முதல் 19.99 லட்சம் வரை விலை வைத்தார்கள். மேலே 20 லட்சத்தைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

மஹிந்திராவிடம் காப்பாற்ற வேண்டிய கிரெட்டா இல்லை. ஐந்து இருக்கை, ஏழு இருக்கை இரண்டையும் ஒரே உடம்பில், ஒரே பெயரில் செய்தார்கள். அதனால் துண்டை எங்கே வேண்டுமானாலும் வீசும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது. வீசிய இடம்தான் ஆச்சரியம். ஏழு இருக்கைக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசையை விட்டுவிட்டு, கிரெட்டாவுக்குப் பக்கத்தில் போய் 11.99 என்று போட்டார்கள். கிரெட்டா அப்போது 10 லட்சத்தை ஒட்டி ஆரம்பித்து 17 லட்சத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. நீளம் 4300 மில்லிமீட்டர். எக்ஸ்யூவி700 4695. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான கூடுதல் நீளம், கூடவே 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். சின்ன வண்டியின் பணத்துக்குப் பெரிய வண்டி என்ற எண்ணம் அந்த ஒரு எண்ணிலேயே ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. மாமா போன் செய்ததும் அதனால்தான். இதுதான் அவர் கேள்விக்குப் பதில். 11.99 வாங்குவதற்கான விலை என்பதை விட, வண்டி எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்பு.

12 லட்சம் என்று ஏன் போடவில்லை? பாட்டா கடையில் செருப்பு வாங்கியவர்களுக்கு இது புதிதில்லை. நம் கண் முதல் எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறது. 11.99 மனதில் பதினொன்றாகப் பதிகிறது. இணையத்தில் வண்டி தேடுபவர்கள் "12 லட்சத்துக்குள்" என்று வடிகட்டும்போதும் பட்டியலில் நிற்கும். மஹிந்திராவுக்கு இந்த எண் மிகவும் பிடித்துவிட்டது போலிருக்கிறது. 2022 ஜூனில் வந்த ஸ்கார்பியோ-என் 11.99 லட்சத்தில் ஆரம்பித்தது. ஆகஸ்டில் பழைய ஸ்கார்பியோவைக் கிளாசிக் என்று பெயர் மாற்றி விட்டபோது அதற்கும் 11.99 லட்சம்.

வரி என்ற பெரிய பங்காளி

இப்போது அந்த 11.99 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஆரம்பத்தில் கார் பார்ப்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே போகலாம்.

2025 செப்டம்பர் 22க்கு முன்பு, நீளம் 4 மீட்டருக்கு மேல், இன்ஜின் 1500 சிசிக்கு மேல், தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவில் 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இடைவெளி இருந்தால் அந்த எஸ்யூவிக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்கு மேல் 22 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி. மொத்தம் 50. அதாவது 8 லட்ச ரூபாய் வண்டிக்கு 4 லட்ச ரூபாய் வரி சேர்ந்து 12 லட்சம் ஆகும். 11.99 லட்சம் கொடுப்பவர் கையிலிருந்து ஏறக்குறைய 4 லட்சம் அரசுக்குப் போய்விட்டது. மிச்சம் இருக்கும் 8 லட்சத்தில்தான் டீலரின் பங்கு, இரும்பு, டயர், கண்ணாடி, சிப், சம்பளம், லாரி வாடகை, விளம்பரம், வடிவமைப்புச் செலவு எல்லாம் அடங்க வேண்டியிருந்தது. லாபமும் அதற்குள்தான். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால், பேஸ் மாடலில் ஏன் இத்தனை விஷயங்கள் இல்லை என்று கோபம் வராது.

வரி விதியில் இருக்கும் எல்லைக் கோடுகள் வண்டியின் உருவத்தையே தீர்மானிக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம். அதே பழைய விதியில், நீளம் 4 மீட்டரைத் தாண்டினாலும் இன்ஜின் 1500 சிசிக்குள் இருந்தால் வரி 45 சதவீதம்தான். அல்கசாரின் டீசல் இன்ஜின் 1493 சிசி. கியா கேரன்ஸிலும் அதே அளவு இன்ஜின். கோட்டுக்கு 7 சிசி கீழே. இன்னும் கீழே போனால், 4 மீட்டருக்குள், 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் வண்டிக்கு 29 சதவீதம் மட்டுமே. அங்கேதான் ரெனோ டிரைபர் உட்கார்ந்தது. 2019 ஆகஸ்டில் 4.95 லட்சத்துக்கு ஏழு இருக்கை. நீளம் 3990 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம்கூட இல்லை, அதை மிச்சம் வைத்து அதற்குள் மூன்று வரிசையை அடக்கி, கடைசி வரிசையைக் கழற்றி வைக்கவும் வழி செய்தார்கள். சென்னையை அடுத்த ஒரகடத்தில் செய்யும் வண்டி அது. எஸ்யூவி என்று சொல்லிக்கொள்ளும் கம்பீரம் அதில் குறைவுதான். ஆனால் பொறியாளர்கள் வரி விதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வார்கள் என்று கேட்டால் நான் காட்டும் முதல் உதாரணம் டிரைபர்தான்.

2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய்விட்டது. பெரிய வண்டிகளுக்கு நேராக 40 சதவீதம், சின்ன வண்டிகளுக்கு 18. முன்பு 50 சதவீதம் கட்டியவர்களுக்குத்தான் இதில் அதிக லாபம். வரி சேராத விலை 10 லட்ச ரூபாய் என்றால், 15 லட்சமாக இருந்தது 14 லட்சமாகும். 45 சதவீதம் கட்டிய வண்டி 14.5 லட்சத்திலிருந்து 14 லட்சத்துக்கு வரும். குறைவது பாதிதான். எக்ஸ்யூவி700 அப்போது 1.43 லட்சம் வரை குறைந்தது. 1500 சிசி என்ற கோட்டுக்குள் நிற்பதால் பெரிய வண்டிகளுக்குக் கிடைத்துவந்த 5 சதவீத அனுகூலம் இந்த மாற்றத்தில் மறைந்தது. காப்பீட்டில் மட்டும் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. 1500 சிசியைத் தாண்டினால் கட்டாய மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் இரண்டு மடங்குக்கும் மேல்.

இதெல்லாம் எக்ஸ்-ஷோரூம் விலைக்கு உள்ளே நடப்பது. நாம் கட்டுவது ஆன்-ரோடு விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வண்டியைப் பதிவு செய்யும்போது ஒரே தடவையாகக் கட்டும் ஆயுட்கால வரி மாற்றப்பட்டது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 14 லட்ச ரூபாய் வண்டிக்கு இந்த வரி மட்டும் 2.52 லட்சம். அதற்கு மேல் காப்பீடு. 10 லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லாம் சேர்த்து 14 லட்ச வண்டி 17 லட்சத்தைத் தொட்டுவிடும்.

19.99 லட்சத்துக்கு வருவோம். அந்த எண்ணின் மவுசு பாட்டா கணக்கோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 19.99 லட்ச வண்டிக்கு 18 சதவீத வரி சுமார் 3.60 லட்சம். 20.01 லட்ச வண்டிக்கு 20 சதவீதம், சுமார் 4 லட்சம். விலையில் 2,000 ரூபாய் வித்தியாசம், வரியில் 40,000 ரூபாய். டாப் எண்ட் மாடலுக்கு ஆசைப்படுபவர்கள் இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

விலைப் பட்டியல் ஓர் ஏணி

2021இல் அறிவித்த பெட்ரோல் விலைகளைப் பாருங்கள். எம்எக்ஸ் 11.99 லட்சம், ஏஎக்ஸ்3 13.99, ஏஎக்ஸ்5 14.99. முதல் படிக்கும் இரண்டாவது படிக்கும் நடுவில் 2 லட்சம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் 1 லட்சம்தான்.

இந்த இடைவெளிகளை யாரும் அளக்காமல் வைப்பதில்லை. கீழ்ப்படியை இழுத்துக் கீழே இறக்கியது செய்தித் தலைப்புக்காக. அதில் வாங்க வந்தவர் இரண்டாவது படியைப் பார்க்கிறார், பெரிய திரை, நல்ல வசதி, ஆனால் 2 லட்சம் கூடுதல். மனசு ஊசலாடுகிறது. சரி என்று ஏறிவிட்டால், அடுத்த படி 1 லட்சத்தில் இருக்கிறது, அதில் கூரை முழுக்கச் சன்ரூஃப். "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஒரு லட்சம்தானே" என்று ஏறிவிடுவார். கம்பெனி எந்தப் படியில் நம்மை நிறுத்த நினைக்கிறது என்று தெரிய வேண்டுமானால், எந்தப் படிக்கு முந்தைய இடைவெளி குறைவாக இருக்கிறது என்று பார்த்தால் போதும். மேலே ஏஎக்ஸ்7, அதற்கும் மேல் 1.80 லட்சத்துக்கு ஒரு லக்சுரி பேக். உச்சப் படி எல்லோரும் வாங்குவதற்கல்ல. அதைப் பார்த்த கண்ணுக்கு நடுப்படி நியாயமாகத் தெரியும்.

மூன்றாவது வரிசையும் ஏணியில் ஒரு படிதான். 2021இல் முதல் படியில் அது கிடையாது, மேலே ஏறினால்தான் கிடைத்தது. மடங்கும் இரண்டு சீட், இரண்டு பெல்ட், பின்பக்கம் ஏசி காற்று வர வழி, இவ்வளவுதான் அதற்கான கூடுதல் பொருள். ஆனால் ஏழு பேர் உள்ள வீட்டுக்காரருக்கு அது இல்லாமல் முடியாது என்று கம்பெனிக்குத் தெரியும். தேவை அதிகம் உள்ளவர் அதிகம் கொடுக்கத் தயாராக இருப்பார் என்பது விலை வைப்பதன் அடிப்படைப் பாடம். கியா 2022 பிப்ரவரியில் இதை உடைத்தது. கேரன்ஸ் 8.99 லட்சத்தில் ஆரம்பம், பேஸ் மாடலிலேயே மூன்று வரிசை, எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக். எனக்கு அந்த வண்டியின் மேல் தனி மரியாதை உண்டு. பாதுகாப்பையும் இருக்கையையும் ஏணியின் மேல்படியில் ஒளித்து வைக்காமல் கீழேயே கொடுத்தார்கள்.

அறிமுக விலை என்ற ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்யூவி700 புக்கிங் 2021 அக்டோபர் 7 அன்று திறந்தது. பழைய விலை முதல் 25,000 பேருக்கு மட்டும் என்றார்கள். 57 நிமிடத்தில் தீர்ந்தது. உடனே விலை ஏறியது. ஸ்கார்பியோ-என் வந்தபோது 2022 ஜூலை 30 அன்று முதல் 25,000 புக்கிங் ஒரே நிமிடத்தில், அரை மணி நேரத்துக்குள் 1 லட்சம். இந்தக் கூட்டத்தைப் பார்த்து அடுத்தவரும் வருவார். கம்பெனிக்கு விளம்பரச் செலவு மிச்சம். நமக்கு வருடக்கணக்கில் வெயிட்டிங். பின்னால் புக் செய்தவருக்கு டெலிவரி எடுக்கும் நாளில் என்ன விலையோ அதுதான், புக் செய்த நாளின் விலை செல்லாது.

பெயரும் கடையும்

எல்லாமே எண் இல்லை. 2020 பிப்ரவரி ஆட்டோ எக்ஸ்போவில் டாடா ஒரு ஏழு இருக்கை வண்டியைக் கிராவிடாஸ் என்ற பெயரில் காட்டியது. அடுத்த ஜனவரியில் அதே வண்டிக்குச் சஃபாரி என்று பெயர் மாற்றினார்கள். 1998இலிருந்து ஊருக்குத் தெரிந்த பெயர். கிராவிடாஸ் என்றால் நீட்டிய ஹாரியர். சஃபாரி என்றால் அப்பா காலத்துக் கம்பீரம். பெயர் மாற்றத்தால் வண்டியில் ஒரு நட்டுகூட மாறவில்லை, ஆனால் உட்காரும் இருக்கை மாறிவிட்டது.

மாருதி செய்தது இன்னும் தெளிவான உதாரணம். எர்டிகா ஏழு இருக்கை, அரீனா ஷோரூமில் கிடைக்கும், டாக்சியாகவும் நிறைய ஓடுகிறது. 2019இல் அதே உடம்புக்கு முகத்தை மாற்றி, சுற்றிலும் கறுப்பு பிளாஸ்டிக் ஓரம் கட்டி, நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு கேப்டன் சீட் போட்டு, எக்ஸ்எல்6 என்று மாருதியின் உயர்தர நெக்ஸா ஷோரூமில் 9.79 லட்சத்துக்கு வைத்தார்கள். ஒரு இருக்கை குறைந்தது, விலை கூடியது. வாங்கியவர்கள் ஏமாறவில்லை என்றே நினைக்கிறேன். "டாக்சி மாதிரி இருக்கு" என்று வீட்டில் யாரும் சொல்லாமல் இருப்பதற்கும் அவர்கள் ஒரு விலை கொடுத்தார்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2010இல் டாடா ஆரியா வந்தது. பெரிய வண்டி, வசதிகளும் அந்தக் காலத்துக்கு நிறைய. ஆனால் இன்னோவாவுக்கு மேலே விலை வைத்தார்கள். டாக்சி ஸ்டாண்டில் பார்த்துப் பழகிய கம்பெனிப் பெயருக்கு அத்தனை லட்சமா என்று வாங்குபவர்கள் தயங்கினார்கள். பின்னால் விலை குறைந்த மாடல்கள் விட்டும் வண்டி எழவில்லை. வீசிய இடத்தில் துண்டு நிற்க வேண்டுமானால், அந்த இருக்கைக்கு நாம் உரியவர் என்று மற்றவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அத்தை ஏறிப் பார்த்தபோது

மாமா உடனே எதுவும் வாங்கவில்லை. 2024 கோடையில்தான் மறுபடி ஆரம்பித்தார். வீட்டில் அவர், அக்கா, இரண்டு பிள்ளைகள், அவருடைய அப்பா அம்மா. வருடத்துக்கு இரண்டு முறை தேவகோட்டைப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போவார்கள், கூட யாராவது ஒருவர் சேர்ந்துகொள்வார். ஆக ஏழு பேர், பொங்கல் வைக்கும் பாத்திரம், அரிசி, விறகு.

ஒரு ஷோரூமில் மாமாவின் அம்மாவை, எனக்கு அத்தை, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது. விற்பனைப் பையன் நெம்புகோலை இழுத்ததும் நடு சீட் முன்னால் மடிந்தது. அத்தை ஒரு கையால் கூரைக் கைப்பிடியைப் பிடித்தார், வலது காலைப் படியில் வைத்தார், அங்கேயே நின்றுவிட்டார். "தம்பி, அடுத்த காலை எங்க வைக்கிறது?" என்றார். பையனிடம் பதில் இல்லை. ஒருவழியாக உள்ளே போய் உட்கார்ந்தபோது அவர் முழங்கால் மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. வண்டியின் தரை உயரம், சீட் தரையோடு ஒட்டியிருக்கிறது. டிக்கியைத் திறந்தேன். மூன்றாவது வரிசை நிமிர்ந்திருந்தபோது, பின்னால் இரண்டு பள்ளிக்கூடப் பைகளை நிற்க வைக்கலாம், அவ்வளவு இடம்தான்.

பட்டியலில் ஏழு என்று எழுதியிருப்பதில் இரண்டு விதம் உண்டு. பெரியவர்கள் ஏழு பேர் உட்காரும் ஏழு ஒன்று. ஐந்து பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் உட்காரும் ஏழு இன்னொன்று. நீட்டிய வண்டிகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. இன்னோவா இத்தனை வருடம் தன் விலையைக் கீழே இறக்காமல் இருக்க முடிந்ததற்குக் காரணம் அது முதல் வகை என்பதுதான். ஏழு இருக்கை என்ற ஒரே சொல்லுக்குக் கீழே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலையை ஒப்பிட்டால் கணக்குத் தவறாகிவிடும். அதனால் வண்டி பார்க்கப் போகும்போது, அந்தக் கடைசி வரிசையில் நிஜமாக உட்காரப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். அத்தை கூட வராமல் வீட்டிலேயே இருந்திருந்தால் மாமா அந்த வண்டியை அன்றே புக் செய்திருப்பார்.

அந்த வீட்டில் கடைசியில் யோசித்து முடிவு செய்தது, அத்தையும் மாமாவின் அப்பாவும் நடு வரிசையில், பிள்ளைகள் இருவரும் பின்னால், ஏழாவது ஆள் வரும்போது நடு வரிசையில் மூன்று பேர், சாமான் மேலே கேரியரில். அப்படியென்றால் நடு வரிசை பெஞ்ச் சீட்டாக இருக்க வேண்டும், கேப்டன் சீட் சரிப்படாது. இது தெளிவானதும் பட்டியலில் பாதி வேரியன்ட்கள் தானாக அடிபட்டன.

அந்த ஜூலையில் மஹிந்திரா எக்ஸ்யூவி700இன் மூன்றாம் ஆண்டு என்று சொல்லி, நான்கு மாதத்துக்கு ஏஎக்ஸ்7 விலையை 19.49 லட்சத்தில் ஆரம்பிக்கும்படி இறக்கியது. குறைப்பு சில மாடல்களில் 2 லட்சத்துக்கும் மேல். 20 லட்சக் கோட்டுக்குக் கீழே வந்ததால் தமிழ்நாட்டில் வரியும் 18 சதவீதத்துக்கு இறங்கியது. 21.5 லட்ச வண்டிக்கு வரி 4.3 லட்சம், 19.49 லட்ச வண்டிக்கு 3.51 லட்சம். விலைக் குறைப்போடு சேர்த்து இன்னொரு 79,000 ரூபாய் மிச்சம். விளம்பரத்தில் இல்லாத மிச்சம் அது. மாமா பேப்பரில் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

அதே செப்டம்பரில் புது முகத்தோடு அல்கசார் மறுபடி வந்தது. மூன்று வருடத்தில் மற்ற பல வண்டிகளின் ஆரம்ப விலை ஏறியிருந்தது. அல்கசாரின் ஆரம்ப விலையோ 16.30 லட்சத்திலிருந்து 14.99 லட்சத்துக்கு இறங்கியிருந்தது.